தொடங்கும்போதே நின்றுபோகும் லேப்டாப்: மதுரை சேவை மையத்தின் மீது புகார்

அனுப்புநர்:
வரி ஆலோசகர்,
காரைக்குடி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

நாள்: 26.11.2024

பொருள்: கீபோர்டு மாற்றித் தந்த பிறகு விண்டோஸ் தொடங்காமல் போனது, நல்ல டிஸ்க்கைப் பழுது என்று சொன்னது, ஜாப் ஷீட் எனும் வேலைப் பதிவுத் தாளில் நடக்காத சோதனையை நடந்ததாகக் குறித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் லேப்டாப்பைச் சென்ற ஆண்டு வாங்கி அலுவலக வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். வாரன்டி இன்னும் முடியவில்லை. கீபோர்டில் சில எழுத்துகள் விழாமல் போனதால், இந்த மாதம் 11-ம் தேதி மதுரையிலுள்ள தங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் கொடுத்தேன். 15-ம் தேதி திருப்பிக் கொடுத்தார்கள். கீபோர்டு இப்போது நன்றாக வேலை செய்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. விண்டோஸ்தான் வரவில்லை.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. இத்தனை நாள் கேட்காதது அன்றைக்குத்தான் கேட்டது. அச்சடித்து வைத்திருந்த தாளைத் தேடி எடுத்துப் போட்டேன். நிறுவனத்தின் சின்னம் வந்தது, கீழே புள்ளிகள் சுற்றின, அப்புறம் நீலத் திரை. 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று ஒரு வரி. தானே ரீஸ்டார்ட் ஆகி மறுபடி அதே திரை. ஓரிரு சுற்றுக்குப் பிறகு ரிப்பேர் திரைக்குப் போனது. அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டினால், சரிசெய்ய முடியவில்லை என்ற பதில்தான்.

18-ம் தேதி மறுபடி மதுரைக்குக் கொண்டுபோனேன். முன்மேஜையில் இருந்தவர் திரையைப் பார்த்த மாத்திரத்தில், "ப்ளூ ஸ்கிரீன் வந்தாலே டிஸ்க் போச்சுன்னு அர்த்தம் சார்" என்றார். வாரன்டியில் புது எஸ்எஸ்டி டிஸ்க் இலவசமாகப் போட்டுத் தருவார்களாம். பழையதைத் திருப்பித் தர மாட்டார்களாம். அதிலுள்ள தகவலுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அந்த டிஸ்க்கில் இருப்பது என்னுடைய குடும்பப் புகைப்படங்கள் மட்டும் அல்ல. என்னை நம்பி வந்த வணிகர்களின் டேலி கணக்குகள், பான் எண்கள், வங்கி விவரங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை யாரோ ஒருவரிடம் விட்டுவிட்டு வா என்றால் எப்படி?

டிஸ்க் பழுது என்பதற்கான சோதனை அறிக்கையைக் கேட்டேன். உடனே பேச்சு மாறியது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறதாம், விண்டோஸ்தான் கெட்டுப்போயிருக்கிறதாம். மென்பொருள் கோளாறு வாரன்டியில் வராது, ஃபார்மட் செய்து மறுபடி விண்டோஸ் போட 1,770 ரூபாய் என்றார்கள். டிஸ்க் கெட்டது என்றால் செலவு உங்களுடையது, விண்டோஸ் கெட்டது என்றால் செலவு என்னுடையது. கேள்வி கேட்டதும் நோய் இரண்டாவது இடத்துக்குத் தாவியது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஃபார்மட் செய்ய நான் சம்மதிக்காததால், ஆய்வுக் கட்டணம் என்று ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைத் தந்தார்கள். பில்லில் 'வாடிக்கையாளர் பழுதுநீக்க மறுத்துவிட்டார்' என்று ஒரு குறிப்பு வேறு.

நீலத் திரை வந்தால் டிஸ்க் போய்விட்டது என்பது சரியான பேச்சு இல்லை. இந்த ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இதேபோல் நீலத் திரையில் சிக்கின. விமான நிலையங்கள்கூடத் தடுமாறின. ரிப்பேர் திரை வழியாகவோ சேஃப் மோடிலோ உள்ளே போய் அந்த ஒரு கோப்பை அழித்ததும் அவை எழுந்தன. நீலத் திரையில் ஒரு காரணம் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதற்குத்தானே தொழில்நுட்பப் பணியாளர்?

என் திரையில் எழுதியிருந்ததற்குப் பொருள், விண்டோஸால் தான் இருக்கும் டிஸ்க்கையே எட்ட முடியவில்லை என்பது. முன்பு டிடிபி சென்டர் நடத்தியவன் என்பதால் இந்தப் பிழை எனக்குப் பழக்கமானது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) டிஸ்க்கோடு பேசும் முறை ஐடிஇ என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் போதும், 7பி என்ற எண்ணோடு இதே நீலத் திரை வரும். டிஸ்க்கில் ஒரு குறையும் இருக்காது.

24-ம் தேதி ஞாயிறன்று நானே உட்கார்ந்து பார்த்தேன். ரிப்பேர் திரையிலிருந்து கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிட்லாக்கர் சாவியைக் கொடுத்து, சி டிரைவின் பட்டியலைக் கேட்டேன். எல்லாக் கோப்புறைகளும் வந்தன. டிஸ்க்கில் பிழை தேடும் செக்டிஸ்க் ஓட்டினேன், பிழை ஒன்றும் இல்லை. டிஸ்க்கும் நலம், கோப்புகளும் நலம். ஆக, இடையில் உள்ள வழிதான் மாறியிருக்க வேண்டும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். விஎம்டி என்ற அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது.

இது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல. விஎம்டி என்பது இன்டெல் ஏற்பாடு, எஸ்எஸ்டி அதன் வழியாகத்தான் விண்டோஸுக்குத் தெரியும். என் லேப்டாப்பில் விண்டோஸ் அதற்குரிய டிரைவர் மென்பொருளோடு நிறுவப்பட்டது. விஎம்டியை அணைத்தால் டிஸ்க் வேறு வாசலுக்குப் போய்விடும், விண்டோஸோ தொடங்கும்போது பழைய வாசலையே தட்டிக்கொண்டு நிற்கும். நான் அதை மறுபடி ஆன் செய்து, சேமித்து, ரீஸ்டார்ட் செய்தேன். பிட்லாக்கர் மீண்டும் ஒருமுறை சாவியைக் கேட்டது. அவ்வளவுதான், விண்டோஸ் வந்துவிட்டது. ஒரு கோப்பும் போகவில்லை.

யார் அணைத்திருப்பார்கள்? கொடுக்கும்போது விண்டோஸ் ஓடியது, வாங்கும்போது ஓடவில்லை. முதல் ஜாப் ஷீட்டில் கீபோர்டு மாற்றத்தோடு 'பயாஸ் அப்டேட், ஹார்ட்வேர் டெஸ்ட்' என்றும் எழுதியிருக்கிறது. விஎம்டி ஆனில் இருந்தால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவுக்கு, டிரைவரைத் தனியே கொடுக்காதவரை, டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலை நேரத்தில் அதை அணைப்பவர்கள் உண்டு. சரி, அணைக்கட்டும். வேலை முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டாமா? ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டிருந்தால் அது விஎம்டி அணைந்த அமைப்பிலேயே ஓடியிருக்கும், அவர்கள் செய்த தவறும் அதோடு மறைந்திருக்கும். என் தகவல் போயிருக்கும், 1,770 ரூபாயும் போயிருக்கும், கூடவே நன்றியும் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. 15-ம் தேதி ஜாப் ஷீட்டில் 'விண்டோஸ் பூட் டெஸ்ட்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் இருக்கிறது. விண்டோஸ் திரும்ப வந்ததும் அதன் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும்போது 'கெர்னல் ஜெனரல்' பெயரில் 12 என்ற எண்ணோடும், முழுமையாக அணைக்கும்போது 13 என்ற எண்ணோடும் பதிவாகும். 11-ம் தேதி காலை நான் அணைத்த பதிவு இருக்கிறது. அதற்கடுத்த தொடக்கப் பதிவு 24-ம் தேதியுடையது. இடையில் ஒன்றுமே இல்லை. பெயர் கேட்கும் திரைவரை வந்திருந்தாலும் பதிவாகியிருக்கும். தங்கள் மையம் விண்டோஸைத் தொடங்கிப் பார்க்காமலேயே தொடங்கிப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறது. பார்த்திருந்தால் அன்றைக்கே அங்கேயே நீலத் திரை தெரிந்திருக்கும்.

20-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதி எப்படிப்பட்டது என்று தெரியும். பெரும்பாலானவர்களுக்கு நண்பரின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவழியாக முடித்தேன். ஒருவருடைய கணக்கு மட்டும் இந்த லேப்டாப்பிலேயே மாட்டிக்கொண்டதால் தாமதமானது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை, வட்டியோடு, என் கையிலிருந்து கட்டினேன். அவர் தவறு எதுவும் இல்லாதபோது அவரிடம் எப்படிக் கேட்பது?

எனவே 590 ரூபாயையும் அந்தத் தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் தாங்கள் திருப்பித் தர வேண்டும். என் லேப்டாப்பின் சேவைப் பதிவிலிருந்து 'மறுத்துவிட்டார்' என்ற குறிப்பை நீக்கி, கோளாறின் உண்மையான காரணத்தை எழுத வேண்டும். நாளைக்கு வேறு பழுது வந்தால் அந்தக் குறிப்பைக் காட்டி வாரன்டி மறுக்கப்படக் கூடாது. நடக்காத சோதனைக்கு டிக் போட்டது பற்றி எழுத்தில் விளக்கமும் வேண்டும். அந்தப் பணியாளரை வேலையைவிட்டு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. பயாஸைத் தொடும் முன் அதன் அமைப்புகளைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போதும்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக முறையிடுவேன். அந்தச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்த விலைப் பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இரண்டு ஜாப் ஷீட்டுகள், 590 ரூபாய் பில், நீலத் திரையின் புகைப்படம், ஈவென்ட் வியூவர் பதிவு, தாமதக் கட்டணச் சலான் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். புகாரை முடித்துவைக்க ஓடிபி சொல்லுங்கள் என்று தங்கள் கால் சென்டரிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுத்தில் பதில் கைக்கு வரும்வரை நான் அதைச் சொல்லப்போவதில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)