கெபிக்குப் பின்னால் ஒரு தோட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத நேரமில்லாமல் போனதற்கு நம் கோயில் கொல்லைதான் காரணம். காலைப் பூசை முடிந்து அங்கே போனால் வீடு திரும்ப 10 மணியாகிவிடுகிறது. முட்டி வலி எப்படி என்று கேட்டிருந்தாய். குனிய முடியவில்லை, முக்காலி போட்டு உட்கார்ந்துதான் களை பிடுங்குகிறேன்.

நம் கோயில் மாதா கெபிக்குப் பின்னால் நாம் புளியங்காய் அடித்துத் தின்ற இடம் நினைவிருக்கிறதா, அங்கேதான் தோட்டம். 30 சென்ட் இருக்கும், கருவேலம் மண்டிக் கிடந்தது. போன செப்டம்பர் 1, படைப்புக்காக ஜெபிக்கும் நாளன்று புதுப் பங்குச் சாமியார், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் பூமியை நம் பொது இல்லம் என்று சொல்லி எழுதிய சுற்றுமடலைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "நம்ம வீட்டுக் கொல்லையிலயே முள்ளு மண்டிக் கெடக்குதே" என்று நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு 22 பேர் அரிவாளும் மண்வெட்டியுமாக வந்து நின்றார்கள்.

பாத்திகளை அன்பியம் வாரியாக, அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு வாரியாகப் பிரித்துக் கொடுத்தோம், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நம் ஊரில் அன்பியம் என்றால் தெரு. தெரு என்றால் சாதி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைக்கு நடுவே இருக்கும் அந்தச் சுவரை நீ பார்த்துக்கொண்டு நின்றாய், நான் சுவருக்கு இந்தப் பக்கம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். 31 வருடம் ஆகிறது. அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதும் அதனால்தான்.

கீழத்தெருவுக்கு மூலையிடம் ஒதுக்கினார்கள், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் இடிந்த கல்லும் மண்ணும் குவிந்து கிடந்த மேடு. மற்றவர்களுக்கெல்லாம் சமதளமான நல்ல மண். கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன், "இப்ப என்ன அவசரம், அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். சரி, அப்புறம் கல்லறைத் திருநாள் கழிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நம் களிமண்தான் தெரியுமே, தண்ணீர் நின்றால் வடியவே வடியாது. ஒரு வாரத்தில் கத்தரி, மிளகாய் எல்லாம் வேர் அழுகிச் சாய்ந்துவிட்டது. அந்த மேட்டில் இருந்த செடி மட்டும் நின்றது.

மழை விட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் நின்றபோது, கீழத்தெருவில் இருந்து நடவுக்குப் போகிற அக்கா ஒருவர் மண்வெட்டியை வாங்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கிறது என்று காட்டி வடிகால் கோடு கிழித்தார். ஆயுசெல்லாம் வயலில் நின்றவர். அவர் சொன்னபடிதான் மார்கழியில் எல்லாவற்றையும் மேட்டுப்பாத்தியாக மாற்றினோம். 4 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 4 அடிக்கு மேல் போனால் இரண்டு பக்கமிருந்தும் நடுவில் கை எட்டாது. அடியில் தென்னை மட்டை, வாழைத்தண்டு, அதன்மேல் குளத்து வண்டல், மட்கிய சாணம். இதைக் கட்டுவதற்கு எல்லாத் தெரு ஆளும் வேண்டியிருந்தது, கட்டி முடித்தபோது எது யார் பாத்தி என்று சொல்ல முடியாமல் போயிற்று. நாங்களும் பிரிக்கவில்லை. யார் வந்தாலும் எந்தப் பாத்தியிலும் வேலை செய்யலாம்.

இது பிடிக்காமல் நாலு குடும்பம் நின்றுவிட்டது. அதில் ஒன்று என் சித்தப்பா வீடு. பொங்கலுக்குப் போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. வருத்தம்தான், ஆனால் அவர்களுக்காக இனிப் பாத்தியைப் பிரிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது நாள் தவறாமல் வருவது 9 பேர். முறை வைத்துப் பெயர் எழுதிப் பார்த்தோம், இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. காலையில் யாராவது ஒருவர் கட்டாயம் அங்கே இருந்தால் போதும், வழியில் போகிறவர்கள் தானாக உள்ளே வந்துவிடுகிறார்கள். சிஸ்டர்கள் போர்டிங் பிள்ளைகளை சனிக்கிழமை அழைத்து வருவார்கள். தைப்பட்டத்தில் போட்ட கத்தரியும் வெண்டையும் இப்போது நன்றாகக் காய்க்கிறது. அசுவினிப் பூச்சி வந்தது, அரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு வருகிற மாதிரி கலந்து கொஞ்சம் சோப்பும் சேர்த்து அடித்தோம், மட்டுப்பட்டது. மேட்டூர் ஜனவரி 28-ஓடு மூடுகிற வழக்கம்தானே, வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கோயில் போர் தண்ணீரைத்தான் சிக்கனமாக விடுகிறோம், பாத்தி முழுக்க வைக்கோல் மூடாக்கு.

காயை முதலில் விலை போட்டு, பக்கத்தில் டப்பா வைத்தோம். ஒரு பாட்டி வெண்டைக்காயைக் கையில் எடுத்து, டப்பாவைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போனார். எனக்கு மனசு தாங்கவில்லை. டப்பாவை அன்றைக்கே எடுத்துவிட்டோம். இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் வாசல் பெஞ்சில் பரப்பி வைத்துவிட்டு நாங்கள் தள்ளிப் போய்விடுவோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், கோயிலுக்கு வராத அக்கம்பக்கத்தாரும் எடுத்துக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

கல்லறைச் சுவர் அப்படியேதான் இருக்கிறது. பங்குப் பேரவையில் நானும் இன்னும் மூன்று பேரும் அதை இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் அந்த நடவு அக்காவும் உண்டு. பதில் வரவில்லை, விடப்போவதுமில்லை.

ஆடிப் பட்டத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. என் வீட்டிலேயே தங்கு. உன் அம்மா கூரையில் படரவிட்ட பட்டை அவரை, ஓரம் சிவப்பாக இருக்குமே, அந்த விதை உன் தங்கை வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார். இருந்தால் சாம்பலில் புரட்டி ஒரு கைப்பிடி எடுத்து வா. பந்தல் கால் நட்டாயிற்று.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி