அக்கா ஓய்வு பெறுகிறார்

அன்புள்ள நண்பா,

நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் மொட்டை மாடியில் கொஞ்சம் நடக்கிறார்.

சென்னை மாநகராட்சியில் வீடற்றோர் காப்பக வேலை பார்க்கும் நம்ம அக்கா வருகிற மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பழைய கணக்குப்படி 58இலேயே போயிருக்க வேண்டியவர். அரசு ஊழியர் ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும் மறு வருடம் 60 ஆகவும் உயர்த்தியதால் தெருவில் படுத்திருப்பவர்களுக்கு அவர் இன்னும் இரண்டு வருடம் கிடைத்தார். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மாநகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்தவர். வீடற்றோர் காப்பக வேலைக்கு மாற்றியபோது பலரும் அதைத் தண்டனை மாற்றல் என்றார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, கட்டடம் வந்துவிட்டது, ஆள் வரவேண்டுமே? பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்கு ஓரிடம், பெண்களுக்கு வேறிடம் என்றால் புருஷன் பெண்டாட்டி எப்படிப் பிரிந்து போவார்கள்? விடிகாலையில் மூட்டை தூக்கப் போகிறவன் வேலை இருக்கும் தெருவை விட்டு எங்கே போவான்? இதையெல்லாம் அதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் அக்கா.

ராத்திரி கணக்கெடுப்புக்கு நாம் அவருடன் போனது நினைவிருக்கிறதா? தூங்குகிறவரை எழுப்ப மாட்டார். விழித்திருப்பவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘சாப்டாச்சா’ என்றுதான் ஆரம்பிப்பார். முதல் நாள் பேரும் கேட்பதில்லை, யாரையும் போட்டோ எடுக்கவும் விடுவதில்லை. சென்ட்ரல் எதிரே ஒரு பெரியவர் பிளாஸ்டிக் கவரில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தாரே. தெருவிளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்த அக்கா, மறுநாளே அந்த வார்டுக்குப் போய், சேர்க்கும்போது யார் கூட வந்தார்கள் என்று நர்சிடம் விசாரித்து ஊரைக் கண்டுபிடித்தார். அண்ணன் மகன் வந்து பெரியவரை அழைத்துப் போனான்.

அதைவிடப் பெரிய வேலை காகித வேலை. முதியோர் பணம் வருவாய்த் துறையில், ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறையில். இரண்டிலும் மாநகராட்சி ஊழியருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. மனுவில் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பதிலேயே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். காப்பகத்தின் முகவரியை எழுதி, அது செல்லும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சளைக்காமல் வாதாடினார். 2023இல் அந்தப் பணம் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனபோது காப்பகத்துப் பாட்டிகள் அக்காவுக்கு ஆளுக்கொரு பொட்டலம் காராசேவு வாங்கிக் கொடுத்தார்களாம். சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் பள்ளிக்கூடங்களில் ஆட்களைத் தங்க வைத்து அவர் ஓடியது உனக்குத் தெரியும், நீயும் கூட இருந்தவன்தானே.

அலுவலகத்தில் மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் ஏற்பாடு செய்கிறார்கள். செய்யட்டும், அவருக்கு அது சேர வேண்டிய மரியாதை. ஆனால் அவர் தலைக்குள் இருப்பது எந்தக் கோப்பிலும் இல்லை என்பதுதான் என் கவலை. மனநலம் குன்றி ஆதரவில்லாமல் தெருவில் திரிகிறவரைக் காவல் நிலையம் பொறுப்பெடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அதை ராத்திரி பதினொரு மணிக்கு நிலையத்தில் எப்படிப் பேசி நடத்திக்காட்டுவது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சேர்க்கும்போது என்னென்ன தாள் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்கினால் அதற்குள் எத்தனை பேர் அலைக்கழிவார்கள்!

அதனால் ஒரு யோசனை. சாயங்காலங்களில் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதப் போகிறேன். காப்பகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவிடம் சொன்னதும் முதல் கேள்வி, ‘வட்டாட்சியர் ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும்னும் எழுதுவீங்களா?’ அப்புறம் அவரே ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

ஊரடங்கு நாட்களில் நீ எழுதி வைத்த குறிப்பு நோட்டு வேண்டும். பரணில் தேடி எடுத்து, நீயே கையோடு கொண்டு வா. மாதக் கடைசியில் சேரன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது கஷ்டம், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. நம் வீட்டில்தான் தங்க வேண்டும், அம்மா கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய தோழன்