திங்கட்கிழமைக்குள் கையெழுத்து

அன்புள்ள வாத்தியாரே,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஐந்து மாதமாக எழுதவில்லை, தப்புதான். நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். நம் நண்பன் கண்ணாடிக்காரன் போன பிறகு உனக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போதும் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

விஷயம் ஒரு தாள். பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வந்திருக்கிறது. கொரோனாவுக்காக மூடிய பள்ளியில் மறுபடி நேரடி வகுப்புகளை ஆரம்பிக்கிறார்களாம். அனுப்புகிறோமா, ஆன்லைனிலேயே தொடர்கிறோமா என்று திங்கட்கிழமைக்குள் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முகக்கவசம், சானிடைசர், உடல் வெப்பம் பார்ப்பது என்று முக்கால் பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில், பிள்ளைக்குத் தொற்று வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று கை கழுவிவிட்டார்கள். 20 நொடி கழுவினார்களா என்று தெரியவில்லை.

சின்னவளுக்குப் போயே ஆக வேண்டும். 2020இல் முதல் வகுப்பில் சேர்த்தோம், இப்போது இரண்டாம் வகுப்பு, இன்னும் வகுப்பறையைக் கண்ணால் பார்த்ததில்லை. போன வாரம் திடீரென்று, "எங்க மிஸ் அம்மாவைவிட உயரமாப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தினமும் எங்கள் வீட்டுக்குள் வருகிறவர், கழுத்துக்குக் கீழே அவரை யாருமே பார்த்ததில்லை. பென்சிலை இன்னும் முஷ்டிக்குள்தான் பிடிக்கிறாள். 'ண'வுக்கு எத்தனை சுழி என்று தினம் ஒரு தகராறு. ஆனால் ம்யூட் போடுவதில் புலி.

பெரியவன் அப்படியே தலைகீழ். வேண்டவே வேண்டாம் என்கிறான். ஒருநாள் கதவைத் திறந்தால் படுக்கையில் குப்புறக் கிடக்கிறான், கண் மூடியிருக்கிறது, கை மட்டும் நீண்டு ம்யூட்டை எடுத்து "பிரசென்ட் மிஸ்" என்றுவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்விட்டது. உன் பெயருக்கு நான் கொடுத்த ப்ராக்ஸிகளெல்லாம் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அவன் தன் நண்பன் ஒருவன் பெயரைச் சொல்லியே மாதக்கணக்காகிறது.

வீட்டில் இப்போது சண்டை நாடுவாரியாக நடக்கிறது. இவள் டென்மார்க்கை எடுத்தால் நான் இஸ்ரேலை எடுக்கிறேன். டென்மார்க்கில் 2020 ஏப்ரலிலேயே சின்ன வகுப்புகளைத் திறந்துவிட்டார்களே, சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, முடிந்தவரை வெளியில் உட்காரவைத்து, ஒன்றும் ஆகவில்லையே என்பாள். இஸ்ரேலில் மே மாதம் திறந்தார்கள், வெயில் தாங்கவில்லை என்று சில நாள் முகக்கவசம் வேண்டாம் என்றார்கள், ஏசி ஓடியது, ஒரு வகுப்பில் 35 பேருக்கு மேல், ஒரே உயர்நிலைப் பள்ளியில் 150 மாணவர்களுக்கு மேல் தொற்று என்பேன் நான். யுனெஸ்கோ கணக்குப்படி அந்த ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடி மாணவர்கள் வீட்டில் அடைந்து கிடந்தார்களாம். அத்தனை வீட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கும். அமெரிக்காவில் 2021 மே மாதமே 12 வயதிலிருந்து தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவனுக்கு 11. எங்கள் அதிர்ஷ்டம் அப்படி.

இப்போது நீ சிரிக்கப் போகும் விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் மூன்று வருடம் ஜன்னலை மூடு மூடு என்று உன்னோடு மல்லுக்கு நின்றவன், இன்று வீடு முழுக்க ஜன்னலைத் திறந்துகொண்டு திரிகிறேன். முதலில் எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தோம். அப்புறம் ஆறடி இடைவெளி என்றார்கள். 2021 மார்ச்சில் அமெரிக்காவில் பள்ளிகளுக்கு மட்டும் அதை மூன்றடி ஆக்கினார்கள், வைரஸ் ஏதோ ஸ்கேல் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி. கடைசியில் பார்த்தால் விஷயம் காற்றில் இருக்கிறது. ஒருவர் விட்ட மூச்சு மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கிறது. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டேன். (இவள் அதைப் பேயோட்டி என்கிறாள்.) வைரஸைக் காட்டாது, ஆனால் அடுத்தவன் விட்ட மூச்சை நாம் எவ்வளவு இழுக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்குக் கிடைக்கும். மொட்டைமாடியில் 420. நாங்கள் நாலு பேரும் மூடிப் படுத்த அறையில் விடியற்காலை 2,100! ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்த மறுநாள் 800. இதே ஆர்வத்தோடு பள்ளிக்குப் போன் போட்டு, வகுப்பில் ஜன்னல் திறந்திருக்குமா என்று கேட்டேன். "எல்லாம் ஏசி வகுப்பு சார், ஜன்னல் திறக்கவே வராது" என்றார்கள், அவ்வளவு பெருமையாக.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை இவளிடம்கூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடுகிறது என்பது தெரியும். என் பயம் பிள்ளைகளுக்கு வருவது இல்லை. அம்மாவுக்கு 74 வயது, அந்த இழுப்பு உனக்கே தெரியும், இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது, இருந்தாலும். சின்னவள் பள்ளியிலிருந்து வந்ததும் நேராகப் பாட்டி மடிக்குத்தான் போவாள். ஏதாவது ஒன்று ஆகி, பத்து வருடம் கழித்து அவள் வந்து, "பாட்டிக்கு என்னாலதான் வந்துச்சா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், சொல். ராத்திரி இரண்டு மணிக்கு டென்மார்க், இஸ்ரேல் எல்லாம் படிப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நேற்று மதியம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னவளின் யூனிஃபார்ம் ஸ்கர்ட்டின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சட்டை கேமராவுக்காகப் போட்டுப் போட்டு வெளுத்துப்போய்விட்டது, ஸ்கர்ட் வாங்கியது வாங்கியபடி இருக்கிறது, உயரம்தான் போதவில்லை. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அனுப்பினா அனுப்பு, இல்லாட்டி விடு. ஆனா என் பேரைச் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்குள்ள வைக்காத." நான் ஒன்றும் பேசவில்லை. படிவம் ஃப்ரிட்ஜ் மேலே காந்தத்தில் தொங்குகிறது.

நீ போன மாதத்திலிருந்து வகுப்பில் நிற்கிறாய். எனக்கு உண்மையைச் சொல். பெஞ்சுக்கு எத்தனை பேர் உட்காருகிறார்கள்? மதியத்துக்குள் எத்தனை முகக்கவசம் தாடைக்கு இறங்குகிறது? சாப்பிடும்போது எங்கே உட்கார வைக்கிறீர்கள்? இருமுகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்களா, இல்லை பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார்களா? போன் பண்ணாதே, போனில் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ஜன்னல்மூடி

பி.கு.: பேயோட்டியைப் பார்சலில் அனுப்பட்டுமா? பத்தாம் வகுப்பு கடைசி பீரியடில் மேசைமேல் வைத்து எண்ணை மட்டும் சொல். திருப்பி அனுப்பும் செலவு உன்னுடையது.