வாத்தும் போலி வைத்தியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போலி மருத்துவர் கைது பற்றிய உங்கள் செய்தியில், அப்படிப்பட்டவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'குவாக்' வந்திருந்தது. பக்கத்தில் இருந்து படித்த என் பேத்தி, "தாத்தா, அது வாத்து கத்துவது அல்லவா?" என்று சிரித்தாள். சிரித்தாலும் அவள் பிடித்த இழை சரியானதுதான்.

டச்சு மொழியில் 'குவாக்சல்வர்' என்றொரு சொல் உண்டு. பிற்பாதியான 'சல்வ்' களிம்பைக் குறிக்கும். முற்பாதி 'குவாக்கன்', வாத்தும் தவளையும் கத்துவதற்கு அங்கே அதுவே வினைச்சொல். சந்தையில் களிம்பு டப்பாவைத் தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கூவி விற்றவனுக்கு வாய்த்த பட்டம் அது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, 17ஆம் நூற்றாண்டில் வால் அறுந்து வெறும் 'குவாக்' ஆனது. வாத்தின் குரலைக் குறிக்கும் சொல் ஆங்கிலத்தில் அதற்கு முன்பே இருந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் தம் வாத்தை 'குவெக் குவெக்' என்று கத்த விடுகிறார்.

அறுவடை முடிந்த எங்கள் வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: ஊரைக் கூட்டுவது பெட்டைதான், ஆண் வாத்துக்குக் கம்மிய குரல். களிம்பு விற்றவர்களுக்கு அந்தப் பேதம் இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முறை 'போலி மருத்துவர்' என்று மட்டும் அச்சிடுங்கள். வாத்து என்ன பாவம் செய்தது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மன்னார்குடி