அனிமேஷன் முதுகலை: மென்பொருள் பட்டியலைப் பார்த்துச் சேர வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கல்விப் பக்கத்தில் அனிமேஷன் முதுகலைப் படிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான் மும்பையில் ஒரு ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு (படத்தின் காட்சிகளை வரிசையாகக் காட்டும் ஓவியங்கள்) வரைபவள். இதே துறையில் முதுகலை படித்தவள். தமிழில் இந்தப் படிப்பைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, நீங்கள் இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் மென்பொருள் பெயர்கள்தான். மாயா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எல்லாம் கற்றுத் தருகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள் என்று முடிகிறது. அதை நம்பி ஒரு குடும்பம் பணம் கட்டப் போய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

மென்பொருள் கற்க முதுகலை தேவையே இல்லை. பிளெண்டர் இலவசமாகக் கிடைக்கிறது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய லாட்வியப் படம் அதில்தான் உருவானது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளுக்கு வகுப்பு நடந்தது. 2020 கடைசியோடு, அதில் செய்ததை ஓட்டிக் காட்டும் ஃப்ளாஷ் ப்ளேயரையே அடோபி நிறுத்திவிட்டது. ஃப்ளாஷை மட்டும் கற்றவர்கள் திண்டாடினார்கள். வரையவும் காட்சியை யோசிக்கவும் தெரிந்தவர்கள் வேறொரு மென்பொருளுக்கு மாறிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

அப்படியென்றால் முதுகலையில் என்னதான் நடக்கிறது? ஒரு மாணவர் தன் சொந்தப் படத்தை முதலிலிருந்து கடைசி வரை தானே எடுக்கிறார். கதை, ஸ்டோரிபோர்டு, அந்தப் படங்களை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், பாத்திரங்களின் உருவம், அசைவு, ஒலி என்று எல்லாமே அவர் பொறுப்பு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டிரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். கையால் வரையும் இரண்டு நிமிடப் படத்துக்கு 1,440 படங்கள். அதுவும் திரையில் ஒரே ஆள் அசைந்தால். கிழித்துப் போட்டவை தனி.

எண்ணிக்கையை விடக் கடினமானது வேறொன்று. ஒரு பாட்டி குடத்தை இடுப்பில் வைத்து நடந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடம்பு எந்தப் பக்கம் சாயும், எந்தத் தோள் இறங்கும், எந்தக் கால் தரையில் கொஞ்சம் கூடுதல் நேரம் ஊன்றி நிற்கும்? அது வெறும் குடமா தண்ணீர்க் குடமா என்பது யாரும் சொல்லாமலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும். எந்த மென்பொருளின் மெனுவிலும் இது இல்லை. தாராவியில் குழாயடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த நடை அத்துபடி. அதைத் தாளில் கொண்டுவர, பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் ஆசிரியர் வேண்டும். தப்புத் தப்பாக வரைந்து பார்க்க நேரமும் வேண்டும். நல்ல முதுகலைப் படிப்பு தருவது இந்த இரண்டையும்தான்.

ஸ்டுடியோவில் அந்த நேரம் கிடைக்காது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காகச் செய்யும் வேலை இங்கே நிறைய. கதையும் பாத்திர வடிவமும் அங்கிருந்தே வந்துவிடும். இங்கே ஒருவர் ரிக் (பாத்திரத்தை அசைக்க உதவும் எலும்புக்கூடு போன்ற அமைப்பு) செய்வார், ஒருவர் பின்னணி வரைவார், ஒருவர் அசைவு கொடுப்பார். கௌரவமான வேலை, பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். இந்த வேலைகளுக்கு முதுகலை அவசியமில்லை என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது, செய்த வேலைகளைத் தொகுத்த சிறு வீடியோவான ஷோரீலைத்தான். சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டிய வீடு என்றால், இரண்டு வருடம் செலவழித்துப் படிப்பதைவிட நல்ல ஷோரீல் ஒன்றைத் தயார் செய்வதே மேல். தனக்கென்று சொல்ல ஒரு கதை வைத்திருக்கும் பிள்ளைதான் முதுகலைக்குப் போக வேண்டும். இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் படங்களை வரையும் இன்-பிட்வீன் போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் எதிர்காலம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

மும்பைக்கு இது புதிதும் இல்லை. 1956இல் மத்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு, டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பயிற்சி கொடுக்க வந்தார். அந்த முயற்சியிலிருந்து அடுத்த ஆண்டே புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்றை வைத்து ஒரு குறும்படம் வந்தது. அங்கே உருவானவர்தான் பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்ற ராம் மோகன். 2014இல் பத்மஸ்ரீ வாங்கினார். படம் எடுத்தபடியே கற்றுக்கொண்ட தலைமுறை அது. பெடர் ரோட்டில் ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்தில் 2019 முதல் இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. சயானிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போங்கள்.

உங்கள் கட்டுரையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது பவாய் விடுபட்டதுதான். அங்குள்ள ஐஐடி பம்பாய்க்குள் 1969இல் தொடங்கிய ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளி இருக்கிறது. அங்கே அனிமேஷனில் இரண்டு ஆண்டு எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுகலைப் பட்டம்) படிக்கலாம். செம்பூரிலும் முலுண்டிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஐஐடி என்றால் பொறியியல்தான். காஞ்சூர்மார்க் ஸ்டேஷனில் இறங்கிப் போகிற தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. இதற்கான நுழைவுத் தேர்வு சி.இ.இ.டி. வழக்கமாக ஜனவரியில் நடக்கும். முதல் பகுதியைக் கணினியில் எழுத வேண்டும்; இரண்டாம் பகுதியில் தாளில் கையால் வரைய வேண்டும். இறுதி மதிப்பெண்ணில் அந்த இரண்டாம் பகுதிக்கு 75 சதவீதம். மாயா தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. வயது வரம்பு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மூன்று ஆண்டுப் பட்டம் இருந்தாலே தேர்வு எழுதலாம். ஆனால் சேர்க்கைக்கு, இந்தத் தேர்வை ஏற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தனித் தகுதி விதி வைத்திருக்கிறது, அதை முன்கூட்டியே படித்துவிடுங்கள். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அனிமேஷன் திரைப்பட வடிவமைப்பில் எம்.டெஸ். இருக்கிறது, அதற்கு டி.ஏ.டி. என்று தனித் தேர்வு. இதையும் என்.ஐ.டி. என்றுதான் சொல்கிறார்கள், திருச்சியில் இருக்கும் பொறியியல் நிறுவனத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்திலும் அனிமேஷன் சினிமா உண்டு.

அடுத்தது பணம். எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு அண்ணன், மகனைச் சில லட்சம் கட்டி ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தின் 'மாஸ்டர் டிப்ளமா'வில் சேர்த்தார். "மாஸ்டர்ன்னு போட்டிருக்கே, எம்.ஏ. மாதிரிதானேம்மா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது; அதற்குள் முதல் தவணை போய்விட்டது. யு.ஜி.சி. சட்டப்படி பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனமே 2014ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை டிப்ளமாதான் கொடுத்து வந்தது. டிப்ளமா என்பதாலேயே ஒரு படிப்பு மோசமாகிவிடாது. ஆனால் பின்னால் ஆராய்ச்சிக்கோ கல்லூரி ஆசிரியர் வேலைக்கோ போக நினைக்கும் பிள்ளைக்குப் பட்டம் வேண்டும். அது பட்டமா இல்லையா என்பதைப் பணம் வாங்குகிறவர்கள் முதலிலேயே எழுத்தில் சொல்ல வேண்டும்.

சேரும் முன் எந்த நிறுவனமானாலும் ஒன்றைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் படங்களைக் காட்ட முடியுமா? விளம்பரத்துக்காக வெட்டி ஒட்டிய ஷோரீல் போதாது, முழுப் படமாகப் பார்க்க வேண்டும். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே மென்பொருள்தான் சொல்லித் தருகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எடுத்ததாகத் தெரிந்தால் தைரியமாக விண்ணப்பியுங்கள். அந்த மாணவர்களில் இரண்டு பேரிடம் பேசிவிட்டால் இன்னும் நல்லது.

வரையும் பிள்ளைகளுக்கும் ஒன்று. சேர்க்கைக்குக் காட்டும் ஓவியத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் சினிமா நடிகர் படங்களையும் ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களையும் அச்சாக வரைந்து அடுக்காதீர்கள். குர்லா பிளாட்ஃபார்மில் மூட்டை தூக்குபவர், தாதர் பூ மார்க்கெட்டில் மாலை கட்டும் விரல்கள், வீட்டில் தோசை வார்க்கும் அம்மா என்று கண்ணால் பார்த்ததை வேகமாக வரைந்து பழகுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சி.இ.இ.டி. விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர்வாக்கில் தொடங்கும். அறிவிப்பு வந்த வாரமே, தேதி, கட்டணம், தகுதியோடு அதை உங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிடுங்கள். இங்கே தமிழ் இதழை வாங்குவது பெரும்பாலும் பெற்றோர்தான். பிள்ளைக்குப் பணம் கட்டப்போவதும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை