அக்கா, நீ கேட்ட ஆதாரம்

கார்க், அயர்லாந்து
கார்த்திகை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. மழையும் நம்ம ஊர் மழை மாதிரி அடித்துப் பெய்து ஓய்வதில்லை, மேகமலை மூடுபனி மாதிரி நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், துவைத்த துணி வீட்டுக்குள் ஹீட்டர் மேல்தான் காய்கிறது. முதியோர் இல்லத்தில் இந்த வாரம் எனக்கு நைட் டியூட்டி. இன்றைக்குக் கூடலூரில் மாலை போடுகிற கூட்டமாக இருக்கும், லோயர் கேம்ப் ரோட்டில் வண்டி நகராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகனைப் பற்றி மூன்று வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். அழுதுகொண்டேதான் பேசினாய், ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கும்போது மட்டும் உன் குரல் தெளிவாக இருந்தது. "சாமி இருக்குன்னா ஆதாரம் காட்டுன்னு இருபது வருஷமா எங்க வாய அடைக்கிற. இந்தப் பய தனக்கு ஆம்பளைங்க மேலதான் ஆசைன்னு சொன்னதும் ஒரு வார்த்தை கேக்காம நம்பிட்டியே, அதுக்கு என்னடா ஆதாரம்?" இதைவிட நேராக என்னிடம் யாரும் கேட்டதில்லை அக்கா. சண்டைக்குக் கேட்டிருந்தாலும் நியாயமான கேள்விதான். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், மாமா போனை வாங்கிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா முதல் முறையாக மாலை போட்டுவிட்டு, சபரிமலை மகரஜோதியைப் பார்க்க புல்மேட்டுக்குக் கூட்டிப் போனது உனக்கு நினைவிருக்கும். ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஆள் ஏற்றுகிற அதே ஜீப். பின்னால் பதினைந்து பேர், கறுப்பு வேட்டி, டீசல் வாடை, குளிரில் பல் அடித்துக்கொண்டது. இருட்டினதும் அப்பா என்னை ஜீப்பின் பானட்டில் ஏற்றி நிற்க வைத்தார். எதிர் மலையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. மூன்று முறை. மலையே அதிர்கிற மாதிரி சரண கோஷம். அப்பா அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன், நானும் அழுதேன். அந்த வெளிச்சம் பொய் இல்லை, அத்தனை பேரும் கண்ணால் பார்த்தோம். ஆனால் அதை ஏற்றியது யார் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்கவில்லை. 2011 ஜனவரி 14 அன்று அதே புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நம்ம தமிழ்நாட்டு ஆட்கள் எத்தனை பேர். அதற்கு அப்புறம் கேரள உயர் நீதிமன்றத்தில் கேட்டபோது, எதிர் மலையான பொன்னம்பலமேட்டில் அந்த விளக்கை மனிதர்கள்தான் ஏற்றுகிறார்கள் என்று கோயிலை நிர்வகிக்கிற தேவசம் போர்டே ஒத்துக்கொண்டது.

இங்கே வந்தும் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தேன். கார்க் பக்கத்தில் பாலின்ஸ்பிட்டில் என்று ஒரு சின்ன ஊர், ரோட்டோரத்துப் பாறையில் மாதா சிலை. 1985 கோடையில் அந்தச் சிலை அசைகிறது என்று நாடு முழுக்கச் செய்தி பரவி, ராத்திரி ராத்திரி ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து நின்றிருக்கிறது. போன ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் நானும் போய் நின்றேன். வெளிச்சம் மங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அக்கா, சிலை அசைந்தது. நிஜமாகவே முன்னும் பின்னும் ஆடியது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்புறம் அங்கிருந்த ஒரு கம்பத்தில் தலையைச் சாய்த்து அழுத்தி வைத்துக்கொண்டு பார்த்தேன், நின்றுவிட்டது. கார்க் பல்கலைக்கழகத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே சொன்ன விளக்கம்தான்: நிற்கிற மனிதனின் உடம்பு அவனுக்கே தெரியாமல் லேசாக ஆடிக்கொண்டிருக்கும், அந்தி மங்கலில் சுற்றி வேறு எதுவும் தெரியாதபோது கண் அந்த ஆட்டத்தைச் சிலையின் மேல் ஏற்றிவிடும்.

இதை உன்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. அப்பாவின் கண்ணீரை நான் நம்புகிறேன். சன்னிதியில் நிற்கும்போது உனக்குள் ஏதோ இறங்குவதுபோல் இருக்கிறது என்று சொல்வாயே, அதையும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. உனக்குள் நடப்பதற்கு நீதான் சாட்சி. அதற்கு மேலே ஒரு படி ஏறி, இதைச் செய்தது ஐயப்பன், அவர்தான் மழை தருகிறார், அவர்தான் இன்னின்னார் வரலாம், இன்னின்னார் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்னும்போது அது உன் மனசுக்குள் நடந்த விஷயம் இல்லை, எல்லோரும் வாழ்கிற உலகத்தைப் பற்றிய பேச்சு ஆகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் நான் ஆதாரம் கேட்கிறேன். ஒருவர் தலை வலிக்கிறது என்றால் மாத்திரையும் தண்ணீரும் கொடுப்போம். பக்கத்து வீட்டுக்காரி செய்வினை வைத்ததால் வலிக்கிறது என்றால் எப்படித் தெரியும் என்று கேட்போம். இரண்டையும் சொல்வது அதே வாய்தான், ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு ஆதாரம் போதாது.

இப்போது பையன் என்ன சொன்னான் என்று பார். கோயம்புத்தூரில் அவன் தங்கியிருக்கும் வீட்டு மொட்டை மாடியிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல், "மாமா லைன்ல இருக்கீங்களா, லைன்ல இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டான். அப்புறம் சொன்னான், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும், பெண்கள் மேல் ஆசை வரவில்லை, வரவைக்க முயற்சி பண்ணினேன், முடியவில்லை. அவ்வளவுதான் அவன் சொன்னது. உலகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, இன்னொருவர் எப்படி வாழவேண்டும் என்றும் சொல்லவில்லை. தன் மனசு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் சொன்னான். பொய் சொல்லி அவனுக்கு என்ன லாபம்? அப்பாவின் பேச்சு போச்சு, அம்மாவின் சோறு போச்சு. நீ மாமாவைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன அன்றைக்கு யாராவது உன்னிடம் அதற்கு ஆதாரம் கேட்டார்களா?

சொந்த வாக்குமூலத்தை எப்போதும் அப்படியே ஏற்றுக்கொள்வாயா என்று நீ கேட்கலாம். மாட்டேன். இதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ஸ்பிட்ஸர் என்று ஒரு பெரிய மனநல மருத்துவர், 1973-ல் தன்பாலீர்ப்பை, அதாவது ஆணுக்கு ஆண் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வருகிற ஆசையை, நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். அவரே 2003-ல், மாறிவிட்டோம் என்று சொன்ன 200 பேரிடம் போனில் பேட்டி எடுத்து, சிலரால் மாற முடியும் போலிருக்கிறது என்று ஒரு கட்டுரை போட்டார். ஆனால் அந்த 200 பேரில் நிறையப் பேர் 'மாற்றி விடுகிறோம்' என்று நடத்துகிற அமைப்புகள் மூலம் வந்தவர்கள், மாறிவிட்டேன் என்று சொன்னால்தான் வீட்டிலும் சபையிலும் மரியாதை. அவர்கள் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க அவரிடம் வழியே இல்லை. 2012-ல் அதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சொல்கிறவனுக்கு எந்தப் பக்கம் அழுத்தம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் அக்கா. நம்ம வீட்டில் இருந்த அத்தனை அழுத்தமும் 'எனக்கு அப்படி இல்லை' என்று அவனைச் சொல்லவைக்கிற பக்கம்தான் இருந்தது, அதையும் மீறித்தான் அவன் சொன்னான்.

இது நோய்தான், காட்டினால் சரியாகும் என்று மாமா சொல்கிறார். சரி, இங்கே நான் ஆதாரம் கேட்பேன், ஏனென்றால் இது மனசுக்குள் இருக்கிற விஷயம் இல்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். திருவல்லாவில் பிறந்து இலங்கைக்குப் போன ஆபிரகாம் கோவூர் என்ற பகுத்தறிவாளர் 1963-ல், ஏமாற்ற முடியாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். 1978-ல் அவர் சாகும்வரை யாராலும் அதை வாங்க முடியவில்லை. அதே மாதிரி ஒரு சோதனையை எவலின் ஹூக்கர் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் அம்மா 1950-களில் இந்த விஷயத்தில் நடத்தினார். தன்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்கள், இல்லாத 30 ஆண்கள், எல்லோருக்கும் ஒரே மனநலத் தேர்வுகள். பெயரையும் அடையாளத்தையும் எடுத்துவிட்டு, அந்தத் துறையின் பெரிய நிபுணர்கள் மூன்று பேரிடம் கொடுத்து, இதில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1957-ல் அது வெளியானது. 1990-ல் உலக சுகாதார நிறுவனமும் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

என் பக்கம் பேசுகிறவர்கள் கூடுதலாகச் சொன்னாலும் நான் ஆதாரம் கேட்பேன். இதற்குப் பிறவியிலேயே ஒரு தனி மரபணு இருக்கிறது என்று 1990-களில் பெரிதாகப் பேசினார்கள். 2019-ல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுவை ஆராய்ந்தபோது அப்படி ஒற்றை மரபணு கிடையாது, சின்னச் சின்னதாகப் பல சேர்கின்றன, அதை வைத்து ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ஏன் இப்படி ஆகிறது என்று முழுசாகத் தெரியவில்லை, ஆனால் ஆகிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் ஒருவருக்கு இடது கை வாகு என்றும்தான் முழுசாகத் தெரியாது.

ஒன்றை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் சாமி இல்லை, சடங்கு இல்லை என்று மணிக்கணக்கில் பேசுவோம். எங்கள் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது இயற்கைக்கு விரோதம் என்று நான்தான் முதலில் சொன்னேன். யார் சொன்னது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சாமியை விட்டவன், சாமியார்கள் சொன்னதை மட்டும் விடாமல் கையில் வைத்திருந்தேன். அந்தப் பையன் அடுத்த வருஷம் கல்லூரிக்கு வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

இங்கே என் வார்டில் ஒரு பாட்டி இருக்கிறார். ஜெபமாலையைக் கையை விட்டு எடுக்கமாட்டார், 1985-ல் பாலின்ஸ்பிட்டிலில் சிலை அசைந்ததைப் பார்த்தவர், இன்றும் அது நிஜம் என்றுதான் சொல்கிறார். இந்த நாட்டில் 1993 வரைக்கும் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். 2015 மே மாதம் ஆணும் ஆணும் பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யலாமா என்று ஜனங்களிடமே ஓட்டுக்கு விட்டபோது நூற்றுக்கு 62 பேர் சரி என்று போட்டார்கள், அதில் இந்தப் பாட்டியும் ஒருவர். ஒரு ராத்திரி, படுக்கை விரிப்பை மாற்றும்போது ஏன் என்று கேட்டேன். பேரன் சமையலறை மேஜையில் தன் எதிரே உட்கார்ந்து சொன்னான் என்றார். அவனுக்கு அப்போது கை நடுங்கியதாம், இவர் தன் கையை அதன் மேல் வைத்தாராம். நானும் அவரும் சாமி விஷயத்தில் ஒத்துப்போகவே மாட்டோம். ஆனால் அந்தக் கை நடுக்கத்தை அவர் எடைபோட்ட விதம் சரி.

மாமா போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறார். 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் இது குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதைத்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை பண்ணச் சொன்னது. அதனால் நீங்கள் அவனைக் காட்டிய டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை நிறுத்தச் சொல், வேறு நல்ல மனநல மருத்துவரை நானே கோயம்புத்தூரில் விசாரித்து வைத்திருக்கிறேன், அவனுடைய பயத்துக்கும் தூக்கத்துக்கும் மட்டும். குறி சொல்கிறவரிடமும் கூட்டிப் போகாதே. தை பிறந்ததும் பெண் பார்க்கலாம் என்று சின்னம்மா சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வர இருக்கிற அந்தப் பெண்ணும் யாரோ ஒருவரின் பிள்ளை, வேண்டாம் அக்கா.

உன் சாமியை விடச் சொல்லவில்லை. இந்த வருஷமும் மாமாவுக்கு இருமுடி கட்டிக் கொடு. காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் சட்டையைப் பல்லால் கடித்தவன் அவன், எனக்கு அவன் அவ்வளவு நெருக்கம், உனக்கு அதைவிட நெருக்கம். பொங்கலுக்கு வரட்டுமா என்று என்னிடம் கேட்டான், நான் பதில் சொல்லவில்லை, அம்மாவே கூப்பிடுவாள் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் ஆறரைக்கு வேலை முடிந்து வருவான், அப்போது கூப்பிடு. எனக்கு ஞாயிறு லீவு, உங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உன் தம்பி