டீசல் எஞ்சின் வேண்டாம், நண்பா

போடிநாயக்கனூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. முழங்கால் வலி தானாகப் போகாது. இங்கே நல்ல மழை. ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் முகத்தில் தெளிவு தெரிகிறது.

இனி நான் வாங்கிச் சீர்படுத்திக்கொண்டிருக்கும் பழைய ஜீப் விஷயம். பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் வை, துருப்பிடித்த பாடிக்குப் பதில் புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்து என்று எழுதியிருக்கிறாய். இந்த வேலைக்குப் புதியவன் திண்டாடக் கூடாதே என்ற அக்கறையில் சொல்கிறாய் என்பது தெரியும். ஆனாலும் நான் அதைச் செய்யப்போவதில்லை.

வண்டி மகிந்திரா சிஜே 3பி, 1969ஆம் ஆண்டுப் பதிவு. வில்லிஸ் நிறுவனம் 1953இல் அமெரிக்காவில் கொண்டுவந்த மாதிரி இது. அங்கே 1968இல் நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரானது. பானெட் ஏன் இவ்வளவு உயரம் என்று கல்லூரி நாட்களில் நீயே கேட்டிருக்கிறாய். காரணம் அந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின்தான். பெட்ரோல் கலவை உள்ளே வரும் வால்வு மேலே ஹெட் என்னும் எஞ்சின் மூடியில், புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக் என்னும் எஞ்சின் உடலில். ஹெட் உயர்ந்ததால் பானெட்டையும் உயர்த்தினார்கள். எஞ்சினை மாற்றிவிட்டால் அந்த உயரத்துக்கு வேலையே இல்லை. மலையில் டீசலுக்கு மாற்றிய ஜீப்புகள் நிறைய ஓடுகின்றன. பிழைப்புக்கு ஓட்டுகிறவர்கள் எரிபொருள் செலவைப் பார்த்துச் செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வாங்கியபோது எஞ்சின் இறுகித்தான் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். ஊறும் முன்பே ஸ்டார்ட்டரைப் போட்டுச் சுற்றினால் பிஸ்டன் ரிங் உடையும் என்று பட்டறை அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு முன்புறம் ஹேண்டிலை மாட்டி, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்து, பிஸ்டன்கள் இளகின. கீழ் வால்வுகள் சிலவும் சிக்கியிருந்தன. பிளாக்கின் பக்கவாட்டு மூடியை எடுத்தால் வால்வுத் தண்டுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கேயும் எண்ணெய் விட்டு விட்டு விடுவித்தோம். அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை நேரில்தான் சொல்ல வேண்டும்.

துரு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு படிப்பு. கண்ணுக்குத் தெரியும் துரு பெரும்பாலும் மேலோட்டமானது. சேறு தங்கும் இடங்களைத்தான் தேட வேண்டும்: தரைத்தகட்டுக்கு அடியில் ஓடும் தாங்குபட்டைகள், பாடி அடிச்சட்டமான சேஸிஸில் உட்காரும் இடங்கள், பின்பக்கக் குறுக்குச் சட்டம். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கிறது, இற்றுப்போன இடம் மந்தமாகக் கேட்கிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒட்டிக் கிடந்த இரண்டு தகடுகள் நடுவில் புடைத்துப் பிரிந்து நிற்கின்றன.

நல்ல வேளையாக சேஸிஸ் உறுதியாக இருக்கிறது. பாடியில் இற்ற பகுதியை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள தகட்டை ஒட்டுப்போடுகிறோம். வெல்டிங்கை அண்ணாச்சி செய்கிறார். ஒரே இழுப்பாக ஓட்டாமல் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளியாக வைக்கிறார். இல்லாவிட்டால் சூட்டில் தகடு கோணிவிடும். கம்பி பிரஷால் தேய்ப்பது, பாஸ்பாரிக் அமிலம் தடவுவது, காய்ந்ததும் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடிப்பது எல்லாம் என் பங்கு. கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிய பையில் போடுகிறேன். என்ன நிறம் அடிக்கப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது கடைசி வேலை.

எஞ்சின் ஓடுவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றுதான், ஆயில் ஓடும் சுற்றும் ஒன்றுதான். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். போடிமெட்டு வளைவுகளில் இறங்கும்போது அப்படி ஆனால் என்ன கதி? குழாய்கள், வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாயிற்று. அசலாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையை அங்கே காட்டக் கூடாது.

2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு, பழம்பெரும் (விண்டேஜ்) வண்டிகளுக்கான விஏ வரிசைப் பதிவு எண் வாங்கலாம் என்றும் எழுதியிருந்தாய். 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். எனக்குக் குரங்கணி வரை நினைத்த நேரத்தில் போய்வர வேண்டும். ஆகவே பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து ஓட்டப்போகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி. முன் அச்சின் இரு முனையிலும், சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. இப்படியே விட்டால் ஸ்டியரிங் ஆடும். அளவு எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கோவையில் நீ சொல்லும் அந்தப் பழைய உதிரிபாகக் கடையில் விசாரித்து, கிடைத்தால் இரண்டு ஜோடியாக வாங்கி பஸ்ஸில் போட்டுவிடு. பணம் உடனே அனுப்புகிறேன். தங்கச்சியையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்